வடமேற்கு முகில்

நான் யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் புவியியல் படிப்பித்தவள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் முகில் வகைகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். கீற்று முகில், திரள் முகில், படை முகில், மழை முகில். அந்தப் பாடத்தின் கடைசியில் பனிப்பொழிவைப் பற்றியும் ஒரு பந்தி இருந்தது. அதை ஒருதரம் வாசித்துவிட்டு, "இது சோதனைக்கு வராது" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் இருந்தோம். நான், என் கணவர், எட்டு வயது மகள். எனக்குப் பிறம்ரனில் வேலை. பிளாஸ்ரிக் டப்பாக்களுக்கு மூடி போட்டுப் பெட்டியில் அடுக்குகிற தொழிற்சாலை. காலை ஏழு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும். பஸ்ஸில் போவதென்றால் இரண்டரை மணித்தியாலம் எடுக்கும். அதனால் எங்கள் கட்டடத்திலேயே இருந்த ஓர் அண்ணையின் பழைய வான் வண்டியில் நாலு பேர் சேர்ந்து போய் வந்தோம். வான் ஓடுகிற அண்ணை ஊரில் பஸ் ஓட்டியவர். முன் சீற்றில் அவருக்குப் பக்கத்தில் ஓர் அங்கிள் இருப்பார். அறுபது வயது, தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பின்னால் நானும், மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளம் பெண்ணும். அவளுக்கு இருபத்துமூன்று வயதிருக்கும். அந்தக் குளிர்காலத்தில் அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை.

அவர்கள் மூவரும் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூவரையும்விட எனக்கு இங்கிலீஸ் கொஞ்சம் கூடத் தெரியும். அதனால் காலநிலை அறிவிப்பைக் கேட்டுச் சொல்வது என் பொறுப்பாகிவிட்டது. காலை ஐந்து மணிக்குத் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டே ரேடியோவைத் திருப்புவேன். வானில் ஏறியதும் அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ரீச்சர், இண்டைக்கு எப்பிடி?" என்று கேட்பார். நான் சொல்லுவேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கக் கூடாது. நாள் முழுக்க மூடி போடுகிற ஒருத்தியிடம் யாரோ ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்பது பெரிய காரியமாக இருந்தது.

விளங்காத சொற்களை மகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதி வைப்பேன். விண்ட் சில். பிளாக் ஐஸ். பிளரீஸ். சிலவற்றை அகராதியில் பார்ப்பேன், சிலவற்றை நானே ஊகித்துவிடுவேன். ரெயில் பைப் என்று ஒன்று எழுதியிருந்தேன். பனி கூடக் கொட்டும் நாட்களில் அந்த ரெயில் பைப்பை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பாளர் சொல்லுவார். வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறைவதைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அது ஜனவரி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை ரேடியோவில் பிளரீஸ் என்று கேட்டது. அது எனக்குத் தெரிந்த சொல், இலேசான தூவல். பிறகு வடமேற்கு என்றார்கள். அதன் பின்னால் "ஸ்னோ", உடனே "ஸ்கூல்" என்பதுபோல ஒரு சொல். பனி நாட்களில் எந்தெந்தப் பள்ளிக்கூடம் பூட்டு என்று ரேடியோவில் வாசிப்பது வழக்கம். வடமேற்கே எங்கேயோ பள்ளிக்கூடங்களைப் பூட்டப் போகிறார்கள், எங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடம் அதில் இல்லை என்று நினைத்துக்கொண்டு அடுப்பை நிறுத்தினேன்.

அப்போது ரெலிபோன் அடித்தது. அந்தப் பெண்தான்.

"ரீச்சர், ராவு முழுக்க நித்திரை இல்ல. இடுப்பு உளையிது. ஸ்னோ கூட எண்டா நான் இண்டைக்கு நிக்கட்டோ எண்டு யோசிக்கிறன்."

"சும்மா தூவல்தான் பிள்ளை," என்றேன். "வெயிலும் வருமாம். ஏலுமெண்டால் வாரும்."

வேலையில் அடிக்கடி நின்றால் அவளை நிறுத்திவிடுவார்கள் என்று எனக்குப் பயம். அவள் வந்தாள்.

மூன்று மணிக்கு நாங்கள் வெளியே வந்தபோது நல்ல வெயில். தரையில் கிடந்த பனி கண்ணைக் கூசவைத்தது. பெருஞ்சாலைக்கு ஏறுகிற இடத்தில் வாகனங்கள் அசையாமல் நின்றன. முன்னால் ஏதோ மோதிவிட்டதென்று எதிரில் வந்த லொறிக்காரர் கையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வானைத் திருப்பினார். பிறம்ரனுக்கு வடக்கே அப்போதெல்லாம் வெறும் வயல்வெளிதான். அதற்குள்ளால் கிழக்கே போகிற ரோட்டு ஒன்றில் விழுந்தால் அரை மணித்தியாலம் மிச்சம் என்றார். நாலைந்து கிலோமீற்றர் போயிருப்போம். இரண்டு பக்கமும் வெள்ளை வயல், தூரத்துக்கு ஒரு வீடு.

அங்கிள்தான் முதலில் கண்டார். "ரீச்சர், உது என்ன முகில்?"

இடப்பக்கம், பின்னாலே, வடமேற்கில் வானத்தின் அடியிலிருந்து ஒரு முகில் எழுந்து நின்றது. நீலமும் சாம்பலும் கலந்த நிறம். மேல் விளிம்பு வெயிலில் வெள்ளையாக மினுங்கியது. அடிப்பகுதி தரையோடு ஒட்டியிருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். இவ்வளவு தாழ்வான, பதிவான முகிலை நான் எந்தப் புத்தகத்திலும் வரைந்து காட்டியதில்லை.

அப்போது எனக்குப் பயம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஊரில் நாங்கள் பயந்தது வெளித்த வானத்துக்குத்தான். முகில் இல்லாத காலையில் விமானம் வரும், குண்டு விழும். முகில் மூடிக் கிடக்கும் நாளில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் முகமே வேறு மாதிரி இருக்கும். கனடாவுக்கு வந்து மூன்று வருடமாகியும் பதிவான முகிலைக் கண்டால் என் தோள்கள் தாமாகவே இளகிவிடும்.

"படை முகில், அங்கிள். அது தன்ரை பாட்டிலை போகும்."

அங்கிள் தலையை ஆட்டினார். ஐந்து நிமிடம் கூட ஆகியிருக்காது, வெயில் அணைந்துபோனது. முதலில் ரோட்டின் மேல் பாம்பு மாதிரிப் பனித்தூள் ஊர்ந்தது. பிறகு காற்று வானின் விலாவில் மோதியது. அடுத்ததாக, முன்னால் இருந்த எல்லாமே இல்லாமல் போனது. ரோட்டு இல்லை, வயல் இல்லை, வானின் மூக்குக்கூடத் தெரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டு இறுக்கி மூடியதுபோல இருந்தது. வைப்பர் அடித்துக்கொண்டேயிருந்தது. அண்ணை ஹோர்ன் அடித்தபடி நடக்கிற வேகத்தில் உருட்டினார்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ," என்றேன்.

"நிப்பாட்டினால் பின்னாலை வாறவன் வந்து ஏறுவான் ரீச்சர்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, வலப்பக்கச் சக்கரங்கள் எதையோ விட்டு இறங்கின. வான் மெதுவாகச் சரிந்து, பனிக்குள் பக்கவாட்டாக இறங்கிப் புதைந்து நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. அந்தப் பெண் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மேல் சாய்ந்திருந்தாள். அண்ணை முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துப் பார்த்தார். சக்கரம் சுற்றியது, வான் அசையவில்லை.

செல்போன் எங்கள் ஒருவரிடமும் இல்லை. அண்ணை கதவைத் தள்ளித் திறந்து இறங்கினார். பத்தடி போனவர் தெரியாமல் போனார். "அண்ணை, அண்ணை" என்று நாங்கள் மூவரும் கத்தினோம். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பி வந்து ஏறியபோது இமையெல்லாம் பனி ஒட்டியிருந்தது. பஸ் ஓட்டிய காலத்தில் எத்தனை இராணுவத் தடை முகாம்களைக் கடந்து வந்த மனிதர். அன்று அவர் கதவை இரண்டு தரம் இழுத்துப் பூட்டிப் பார்த்தார்.

"ஒருத்தரும் இறங்கப்படாது," என்றார். "பெற்றோல் அரைத் தாங்கி இருக்கு. ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருப்பம். ஆரும் வருவினம்."

பின் ஜன்னல் ஒன்று சரியாகப் பூட்டாது. குளிர் வருகிறதென்று என் சால்வையை அந்த இடுக்கில் திணித்து அடைத்தேன். அதையும் நான்தான் செய்தேன்.

முதல் அரை மணித்தியாலம் கதைத்தோம். அங்கிள் தபால் கந்தோரில் நடந்த ஏதோ ஒரு பகிடியைச் சொன்னார். காற்று வானைப் பிடித்து உலுப்பும்போதெல்லாம் எல்லோரும் பேச்சை நிறுத்துவோம். வலப்பக்க ஜன்னல்கள் பனியால் மூடி உள்ளே அரை இருட்டாகிவிட்டது. மகள் மூன்றரைக்குப் பள்ளிக்கூடத்தால் வந்து பக்கத்து வீட்டில் இருப்பாள், நாலரைக்கு என்னைத் தேடத் தொடங்குவாள் என்று நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண், "ரீச்சர், தலை வெடிக்கிற மாதிரிக் கிடக்கு," என்றாள்.

"பயத்திலைதான். கண்ணை மூடிக்கொண்டு இரும்."

கொஞ்ச நேரத்தில் அவள் சத்தி எடுத்தாள். சாப்பாட்டுப் பையைப் பிடித்தேன். கர்ப்பிணிப் பெண் சத்தி எடுப்பது புதினமா என்று நினைத்தேன். அங்கிள் சத்தமில்லாமல் தலையைச் சாய்த்திருந்தார். வயது போனவர், களைத்துப்போனார், நித்திரை கொள்ளட்டும் என்று அண்ணை சொன்னார். அண்ணையின் குரல் கொஞ்சம் இழுபட்டது. எனக்கும் நெற்றிப்பொட்டில் ஒரு இடி தொடங்கியிருந்தது. கையைத் தூக்கினால் அது என் கை இல்லாததுபோல இருந்தது.

ஒரு வானுக்குள் நாலு பேர், நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படித் தலையிடி வரும் என்ற கேள்வி எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது. நான் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். ரேடியோக்காரரின் குரல் நினைவுக்கு வந்தது. ரெயில் பைப், ரெயில் பைப். ரெயில் என்றால் வால். வாகனத்தின் வாலில் இருக்கிற குழாய். அதைப் பனி அடைத்தால் புகை எங்கே போகும்?

"அண்ணை, எஞ்சினை நிப்பாட்டுங்கோ."

"குளிருமெல்லோ ரீச்சர்."

"நிப்பாட்டுங்கோ. புகை உள்ளுக்கு வருது. கதவைத் திறவுங்கோ, கெதியா."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று அவர் நினைத்திருக்கக்கூடும். நான் அவருடைய தோளுக்கு மேலாகப் பாய்ந்து சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நின்றது. சால்வையை இழுத்து எறிந்தேன். இடப்பக்கக் கதவை இரண்டு பேருமாகத் தள்ளித் திறந்தோம். காற்று உள்ளே பாய்ந்து முகத்தில் அறைந்தது. அந்தப் பெண்ணைக் கதவடிக்கு இழுத்து, முகத்தை வெளியே வைத்துப் பிடித்தேன். "மூச்சை இழும், நல்லா இழும்." அவள் இழுத்தாள், இருமினாள், திரும்பவும் சத்தி எடுத்தாள்.

அங்கிள் எழும்பவில்லை.

அண்ணை அவரை உலுக்கினார். கன்னத்தில் தட்டினார். "அங்கிள். அங்கிள், எழும்புங்கோ. இஞ்சை பாருங்கோ." தலை ஒரு பக்கம் தொங்கியது. அந்த நிமிடத்தை நான் இன்றுவரை ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. ஒரு மனிதரை நான் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தூவல் என்று சொன்னவள் நான். படை முகில் என்று சொன்னவள் நான். இடுக்கை அடைத்தவள் நான். அண்ணை அவரைக் கக்கத்தில் பிடித்து இழுத்து வாசலில் சாய்த்துப் பனியை அள்ளி முகத்தில் தேய்த்தார். எவ்வளவு நேரமென்று தெரியாது. அங்கிள் ஒருதரம் முனகினார். பிறகு கண்ணைத் திறந்து, "பஸ் வந்திட்டுதே?" என்று கேட்டார்.

அண்ணை ஒரு கையால் வானைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். வானின் வால் முழுக்கப் பனிக்குள் இருந்தது. என் எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியால் அள்ளி அள்ளிக் குழாய் வாயைக் கண்டுபிடித்தார். பிறகு பத்து நிமிடம் எஞ்சினை ஓட விடுவோம், நிறுத்துவோம், ஜன்னலைத் திறந்து வைப்போம், குளிர் தாங்காமல் போனதும் அண்ணை போய்த் திரும்பவும் அள்ளிவிட்டு வந்து ஓட விடுவார். ஒவ்வொரு முறை அவர் இறங்கும்போதும் எங்கள் சால்வைகளை ஒன்றோடொன்று முடிந்து அவருடைய இடுப்பில் கட்டி, மறுமுனையை நான் பிடித்திருப்பேன். கயிறு இறுகும், தளரும். தளர்ந்தால் "அண்ணை" என்று கத்துவேன்.

நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ, வெள்ளைக்குள் நீல வெளிச்சம் ஒன்று விட்டு விட்டுத் தெரிந்தது. பனி அள்ளுகிற லொறி. அது எங்களை இடித்துத் தள்ளிவிடும் என்ற பயத்தில் அண்ணை ஹோர்னை அமத்திப் பிடித்தார். லொறி நின்றது. இறங்கி வந்தவர் பெரிய தாடி வைத்த மனிதர். உள்ளே எட்டிப் பார்த்தார். அந்தப் பெண்ணின் வயிற்றைக் கண்டதும் முகம் மாறியது. லொறியில் இரண்டு பேருக்குத்தான் இடம், அவளும் இங்கிலீஸ் தெரிந்த ஒருவரும் வாருங்கள், பக்கத்தில் ஒரு பண்ணை வீடு இருக்கிறது, மற்ற இருவரையும் திரும்பி வந்து ஏற்றுவேன் என்றார். நான் அண்ணையைப் பார்த்தேன்.

"போங்கோ," என்றார். "அங்கிளை நான் நித்திரை கொள்ள விடமாட்டன்."

பண்ணை வீட்டில் வயதான தம்பதி இருந்தார்கள். அடுப்படியில் கம்பளியால் சுற்றி எங்களை இருத்தினார்கள். லொறி திரும்பிப் போய் அண்ணையையும் அங்கிளையும் கொண்டுவந்து இறக்கும் வரைக்கும் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் நான் ஜன்னலடியை விட்டு அசையவில்லை. அம்புலன்ஸ் அந்த லொறிக்குப் பின்னாலேயே வர வேண்டியிருந்ததால் மேலும் ஒரு மணித்தியாலம் எடுத்தது.

ஆஸ்பத்திரியில் நாலு பேருக்கும் முகத்தில் ஒட்சிசன் போட்டார்கள். இரத்தம் எடுத்தார்கள். அண்ணையும் அங்கிளும் நானும் தேறிவிடுவோம் என்று விரைவிலேயே சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் கட்டிலடிக்கு ஒரு டொக்டர் வந்தார். அவளுக்குச் சொல்ல வேண்டியதை நான் தமிழில் சொல்ல வேண்டும் என்றார்.

என் முகத்திலிருந்த முகமூடியைக் கழற்றினேன். ஒரு சொல்லும் பிழைக்கக் கூடாது என்பதுதான் மனதில் நின்றது. "தயவுசெய்து எழுதித் தாருங்கள்," என்று கேட்டேன். அவர் ஒரு தாளில் எழுதியே தந்தார். இரண்டு வசனம். பிள்ளையின் இதயம் இப்போது நன்றாக அடிக்கிறது. புகை தாயின் உடம்பைவிடப் பிள்ளையின் உடம்பில் கூட நேரம் தங்கும், அதனால் பாதிப்பு இருக்கிறதா இல்லையா என்று பிறந்த பிறகே தெரியும்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதயம் நல்லா அடிக்குதாம் பிள்ளை," என்றேன்.

"வேறென்ன சொன்னவர்?"

"அவ்வளவுதான்."

தாளை மடித்து என் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

என் கணவர் வந்து கூட்டிப்போனார். ஸ்காபரோவில் அன்று முழுக்க வெயிலாம். ஒரு துளி பனி விழவில்லையாம். நான் ஏன் பிந்துகிறேன் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

மறுநாள் காலை மகள் சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோவில் திரும்பவும் அந்தச் சொல் வந்தது. "உன்ரை பள்ளிக்கூடமும் பூட்டோ எண்டு கேள்," என்றேன்.

"அம்மா, அது ஸ்கூல் இல்லை. ஸ்குவால். ஸ்னோ ஸ்குவால்."

"அப்பிடியெண்டால்?"

"ஐ டோன்ட் நோ. லைக், பெரிய ஸ்னோ. சடன்லி வரும்."

நான் அடுப்பை நிறுத்தாமலே போய்க் கட்டிலில் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். பெரியவர்களின் புத்தகம் விளங்காமல் போய்விடுமோ என்று பயந்து பிள்ளைகள் பகுதியில் தேடினேன். சிறிய கதிரையில் இருந்து வாசித்தேன். வடக்கே பெரிய ஏரிகள். குளிர்காலத்தில் ஏரித் தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருக்கும். உறைகுளிர்க் காற்று அதற்கு மேலாக வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, கரைக்கு ஏறியதும் கொட்டிவிடும். அகலமாகக் கொட்டாது. ஒடுங்கிய பட்டையாக வரும். பட்டைக்குள் நிற்பவனுக்குக் கை தெரியாது, பத்துக் கிலோமீற்றர் தள்ளி நிற்பவனுக்கு வெயில். பக்கத்தில் படமும் இருந்தது. தரையோடு ஒட்டிய அடி, வெயிலில் மினுங்கும் விளிம்பு. நீராவி, குளிர்தல், துளியாக ஒடுங்கல் என்று நான் ஒன்பது வருடம் படிப்பித்த பாடம்தான் அது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கே விளங்கக்கூடியது. வாசிக்க வாசிக்கப் பயம் குறையும் என்று நினைத்திருந்தேன். இவ்வளவு சின்னக் காரணத்தால் நாலு பேர், வயிற்றிலிருந்த பிள்ளையோடு ஐந்து பேர், போயிருக்கலாம் என்று தெரிந்தபோது அது கூடிவிட்டது.

அடுத்த கிழமை வான் திருத்தி வந்தது. கதவு நெளிந்தபடியேதான் இருந்தது. ஏறியதும் அண்ணையிடம் சொன்னேன். ரேடியோவில் என்ன சொன்னார்கள், நான் எதைக் கேட்டேன் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அங்கிள் முன்னால் பார்த்தபடி இருந்தார். அண்ணை கேட்டு முடித்தார்.

"சரி ரீச்சர்," என்றார்.

அவ்வளவுதான். பின்னேரம் பார்த்தால் வானின் பின்பக்கத்தில் பனி அள்ள ஒரு சவள், இரண்டு கம்பளி, ஒரு மெழுகுதிரிப் பெட்டி. அதன் பிறகு அவர் காலையில் என்னிடம் காலநிலை கேட்கவில்லை. பதிவு செய்த அறிவிப்பைச் சொல்லும் ரெலிபோன் நம்பர் ஒன்றை யாரிடமோ வாங்கித் தன் மகனைக் கொண்டு கேட்பித்தார். என் மேல் கோபமில்லை. எப்போதும்போல மரியாதையாகத்தான் பேசினார். அவர் கேட்காமல் விட்டது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

பயம் மட்டும் போகவில்லை. வேலைத்தலத்தில் மூடி போடும்போதும் ஜன்னலின் வடமேற்கு மூலையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மேற்பார்வையாளர் இரண்டு தடவை எச்சரித்தார். பெப்ரவரியில் ஒரு பின்னேரம் பெருஞ்சாலையில் வந்துகொண்டிருக்கையில் அந்தப் பக்கம் கறுத்துக் கிடந்ததைக் கண்டு, "அண்ணை, வெட்டி இறங்குங்கோ," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் அடுத்த வழியால் இறங்கி ஒரு கோப்பிக் கடை வாசலில் நிறுத்தினார். முக்கால் மணித்தியாலம் இருந்தோம். ஒன்றும் கொட்டவில்லை. கறுப்பு கலைந்து வெயில் எறித்தது. அங்கிள் எல்லோருக்கும் கோப்பி வாங்கி வந்தார்.

அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டாள். கிழமைக்கு ஒருதரம் அவளைப் பார்க்கப் போவேன். கத்தரிக்காய்க் குழம்போ, ஒடியல் மாவோ கொண்டுபோவேன். அவள் வயிறு வளர்வதைப் பார்ப்பேன். "துடிக்குதோ?" என்று கேட்பேன். "ஓம் ரீச்சர், உதைச்சுக் கொல்லுது," என்பாள். துடித்தாலும் போதாது என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளை என் கைப்பையிலிருந்து எடுத்துப் பலமுறை வாசித்தேன். எழுத்து மடிப்பில் தேய்ந்துபோனது. சொல்லிவிட வேண்டும் என்று போவேன். அவள் தேத்தண்ணீர் ஊற்றித் தருவாள். குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

மே மாதம் பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நான் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களை எண்ணினேன், கண் வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று பார்த்தேன், கதவு அடித்துச் சாத்தப்பட்டபோது திடுக்கிடுகிறதா என்று பார்த்தேன். திடுக்கிட்டது. மூன்றாம் மாதப் பரிசோதனையில் எல்லாம் சரி என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்று அவள் ரெலிபோனில் சொன்ன அன்றே அவளிடம் போனேன். ஓகஸ்ட் மாதம், வெக்கை. பல்கனிக் கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

தாளை மேசையில் வைத்தேன். "அண்டைக்கு டொக்டர் சொன்னதிலை பாதியைத்தான் உமக்குச் சொன்னனான்," என்றேன். மீதியையும் சொன்னேன். அன்று காலையில் அவள் நிற்கட்டோ என்று கேட்டபோது வரச்சொன்னது என் பிழை என்றும் சொன்னேன்.

அவள் தாளைத் தொடவில்லை.

"எனக்குத் தெரியும் ரீச்சர்," என்றாள். "அடுத்த கிழமையே எங்கட தமிழ் டொக்டர் சொல்லிப்போட்டார். பிறந்த பிறகுதான் தெரியும் எண்டு."

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க ஒவ்வொரு கிழமையும் வந்து என்ர வயித்தைப் பாத்துக்கொண்டு இருப்பீங்க. சொன்னா நீங்க இன்னும் பயப்பிடுவீங்க எண்டு நான் கதைக்காம விட்டுட்டன்."

பிள்ளை பிறக்கும் வரை அந்த நாலு மாதமும் ஒரே அறையில் இருந்து இரண்டு பேரும் தேத்தண்ணீர் குடித்திருக்கிறோம். உள்ளறையில் பிள்ளை சிணுங்கியது. அவள் போய்த் தூக்கி வந்தாள்.

"ஒருக்காப் பிடியுங்க ரீச்சர். நான் பாலைச் சூடாக்கிக்கொண்டு வாறன்."

பிள்ளை நல்ல பாரம். வேர்த்திருந்தது. பால் சூடாக்கப் போனவள் திரும்பி வரும் வரைக்கும் நான் அதைத் தோளில் போட்டு, முதுகைத் தட்டிக்கொண்டு, வானம் தெரிகிற பல்கனிப் பக்கம் போகாமல் நடு அறையிலேயே நடந்தேன்.